சேர்க்கும் முன் உண்மை வருமானத்தைச் சொல்லச் சொல்லுங்கள்: ஒன்ராறியோ நிதிச் சேவைகள் ஒழுங்குமுறை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையத் தலைவருக்கும் தலைமை நிறைவேற்று அதிகாரிக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

டொரொன்ரோப் பகுதியில் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு நெடுங்காலமாக வருமான வரிப் படிவங்களை நிரப்பிக் கொடுத்து வருகிறேன். காப்புறுதி விற்பது என் தொழில் அன்று. எந்தக் காப்புறுதி நிறுவனத்தோடும் எனக்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. ஆனால் காப்புறுதி முகவராகச் சேர்ந்த ஒருவருக்கு, செலவெல்லாம் கழிந்தபின் ஓராண்டில் உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை, அவரைச் சேர்த்துவிட்டவரைக் காட்டிலும் தெளிவாகக் காணும் இடத்தில் இருக்கிறேன். அங்கிருந்து பார்த்ததை வைத்தே இம்மடலை எழுதுகிறேன். ஆட்களைச் சேர்த்து, அவர்களுக்குக் கீழே மேலும் ஆட்களைச் சேர்த்து, படிப்படியாகத் தரகு பிரித்துக்கொள்ளும் முறையில் ஆயுள் காப்புறுதி விற்கும் நிறுவனங்கள், ஒருவரைச் சேர்ப்பதற்கு முன்னரே தங்கள் முகவர்கள் பெறும் உண்மையான வருமானத்தை எழுத்தில் கொடுத்தாக வேண்டும் என்று நீங்கள் விதி செய்ய வேண்டும். என் கோரிக்கை இது ஒன்றுதான்.

2019 ஜூன் மாதத்தில் பொறுப்பேற்றதிலிருந்து இத்துறையை நீங்கள் கவனித்து வருகிறீர்கள் என்பதை அறிவேன். படிநிலை ஆட்சேர்ப்பு முறையில் இயங்கும் காப்புறுதி நிறுவனங்களுக்கும் முகவர்களுக்கும் இடையே நிற்கும், எம்.ஜி.ஏ. எனப்படும் பொது முகவர் நிறுவனங்களை 2022இல் ஆராய்ந்து, பயிற்சியிலும் மேற்பார்வையிலும் கண்ட குறைகளைப் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிட்டீர்கள். செக்ரிகேட்டட் ஃபண்ட் எனப்படும், காப்புறுதி நிறுவனங்கள் விற்கும் முதலீட்டு ஒப்பந்தங்களிலிருந்து இடையில் விலகுபவரிடம் அறவிடப்படும் கட்டணத்தை, 2023 ஜூன் 1 முதல் புதிய விற்பனைகளில் நிறுத்தினீர்கள். இவை எல்லாம் பொலிசி வாங்குபவரைக் காக்கும் நடவடிக்கைகள். பொலிசி விற்க வருபவரைப் பற்றி இதுவரை யாரும் அதே அக்கறையோடு எழுதியதாக நான் காணவில்லை. அவர் சுயதொழில் செய்பவர், வளர்ந்த மனிதர், நட்டமென்றால் அது அவர் பாடு என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அவருடைய முதல் வாடிக்கையாளர் அவரேதான், இரண்டாவது வாடிக்கையாளர் பெரும்பாலும் அவருடைய கூடப்பிறந்தவர் என்பதை எண்ணிப் பார்த்தால், விற்பவரின் நலனையும் வாங்குபவரின் நலனையும் பிரிக்க முடியாது என்பது விளங்கும்.

எங்கள் மக்களிடையே இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். வந்து சில ஆண்டுகளே ஆன ஒருவர், தொழிற்சாலையிலோ முதியோர் இல்லத்திலோ வேலை செய்கிறார். கோயிலில், ஊர்ச்சங்க ஒன்றுகூடலில், பிள்ளையின் நடன வகுப்பு வாசலில் அறிமுகமான ஒருவர் அவரோடு பேச்சுக் கொடுக்கிறார். "உங்களுக்கு ஆக்களைத் தெரியும் அக்கா. பகுதிநேரமாச் செய்தாலே மாசம் ரெண்டாயிரம், மூவாயிரம் வரும்" என்கிறார். அதன்பின் ஸூம் கூட்டம் ஒன்று. அதில் பேசுபவர் முன்பு தானும் இரவு வேலை செய்தவர் என்றும் இப்போது ஆறு இலக்கத்தில் உழைப்பவர் என்றும் சொல்கிறார். திரையில் அவருடைய வீடு வருகிறது, கார் வருகிறது, லாஸ் வேகாஸ் மாநாட்டு மேடையில் விருது வாங்கும் படம் வருகிறது. அவர் சொல்வது பொய்யென்று நான் சொல்லவில்லை. அப்படி உழைப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவரோடு அதே ஆண்டில் சேர்ந்த மற்றவர்கள் எத்தனை பேர், அவர்கள் இப்போது எங்கே, கடைசியாக வெளியேறியவர் எவ்வளவு உழைத்தார் என்ற கேள்விகளுக்கு அந்தத் திரையில் இடமில்லை. கேட்பவரும் இல்லை. அழைத்து வந்தவர் தெரிந்தவர் என்பதால் கேட்பது மரியாதையாகவும் படுவதில்லை.

ஒரு பெண்மணியின் கோப்பை மட்டும், அவர் சம்மதத்துடன், அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றி இங்கே விரிக்கிறேன். அவர் முதியோர் பராமரிப்புப் பணியாளர். ஆயுள் காப்புறுதி உரிமத்துக்கான எல்.எல்.க்யூ.பி. பாடநெறியின் நான்கு பகுதிகளையும் இரவுகளில் படித்துத் தேறியவர். ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ள ஒருவருக்கு அது சிறிய காரியமன்று. முதல் முழு ஆண்டின் முடிவில் அவருக்கு வந்த டி4ஏ படிவத்தின் 020ஆம் பெட்டியில், அதாவது சுயதொழில் தரகுக்குரிய பெட்டியில், பதினோராயிரத்துச் சொச்சம் டொலர் என்று இருந்தது. அதைப் பார்த்தால் பகுதிநேர வேலைக்கு நல்ல வருமானம்தான். அவர் கூடவே ஒரு சப்பாத்துப் பெட்டி நிறையப் பற்றுச்சீட்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "நான் உழைச்சனானோ செலவழிச்சனானோ எண்டு நீங்கள்தான் பாத்துச் சொல்லவேணும் அண்ணை" என்றார்.

பார்த்தோம். பாடநெறி, பரீட்சை, உரிமம் ஆகியவற்றின் கட்டணங்கள் இருந்தன. தொழில்சார் பொறுப்புக் காப்புறுதிக்கு மாதந்தோறும் பிடித்த தொகை இருந்தது. நிறுவனத்தின் கணினித் தளத்தைப் பயன்படுத்துவதற்கு ஒரு மாதக் கட்டணம், குழுவின் அலுவலக வாடகையில் ஒரு பங்கு, இரண்டு மாநாடுகளின் நுழைவுச்சீட்டு, விமானம், விடுதி. பிரம்டனுக்கும் ஏஜாக்ஸுக்கும் ஓடிய பெட்ரோல், 407 நெடுஞ்சாலைக் கட்டணம், வாடிக்கையாளரோடு குடித்த கோப்பி. சுயதொழில் வரவு செலவைக் காட்டும் டி2125 படிவத்தில் இவற்றை ஒவ்வொன்றாக எழுதி, உணவுச் செலவில் சட்டம் அனுமதிக்கும் பாதியை மட்டும் கழித்து முடித்தபோது, மூவாயிரத்துச் சொச்சம் மிஞ்சியது. அதற்கு மேலும் ஒன்று இருந்தது. சேர்ந்த முதல் மாதத்தில் "நீங்கள் வைத்திராத பொருளை மற்றவருக்கு எப்படி விற்பீர்கள்" என்று கேட்டு, அவருக்கும் கணவருக்குமாக எழுதுவித்த பொலிசிகளுக்கு அவர்கள் மாதம் 250 டொலர் கட்டி வந்தார்கள். ஆண்டுக்கு 3,000. அது சொந்தச் செலவு. வரியில் கழிக்க முடியாது. ஓராண்டின் மாலைகளும் சனி ஞாயிறுகளும் போய், கையில் மிஞ்சியது அநேகமாக ஒன்றுமில்லை.

அந்தப் பதினோராயிரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். தங்கள் இருவரின் பொலிசிகள், தம்பி குடும்பத்தின் பொலிசி, கணவரின் தமக்கையின் பொலிசி, கூட வேலை செய்யும் ஒரு சிநேகிதியின் பொலிசி. அவ்வளவுதான். அறிமுகமில்லாத ஒருவர் அந்தப் பட்டியலில் இல்லை. அடுத்த ஆண்டு தம்பிக்கு வேலை குறைந்தது. பிரீமியம் கட்ட முடியாமல் பொலிசியை விட்டுவிட்டார். அதன்பின் வந்த தரகுக் கணக்கில் இந்தப் பெண்மணியின் பெயருக்கு நேரே கழித்தல் குறி விழுந்திருந்தது. அன்றுவரை சார்ஜ்பேக் என்ற ஏற்பாட்டை அவர் காதால் கேட்டிருந்தார். அது தன் தம்பியிடமிருந்தே வரும் என்று எண்ணியிருக்கவில்லை.

இந்தச் சார்ஜ்பேக் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வருமானம் பற்றிய பெரும்பாலான மயக்கங்கள் இங்கேதான் தொடங்குகின்றன. ஆயுள் காப்புறுதியில் தரகின் பெரும்பகுதி முதல் ஆண்டிலேயே கொடுக்கப்படுகிறது. வாடிக்கையாளர் மாதாமாதம்தான் பிரீமியம் கட்டுகிறார் என்றாலும், முகவருக்கு வரும் பணம் அவர் ஆண்டு முழுவதும் கட்டிவிடுவார் என்ற நம்பிக்கையில் முற்பணமாக வருவது வழக்கம். வாடிக்கையாளர் இடையில் நிறுத்தினால் அந்த முற்பணம் கடனாகிறது. ஒப்பந்தத்தைப் பொறுத்து, முதல் ஆண்டில் நின்றால் முழுவதையும், இரண்டாம் ஆண்டில் நின்றால் ஒரு பகுதியையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே ஒரு முகவர் மார்ச் மாதத்தில் "இந்த மாதம் 4,000 டொலர் உழைத்தேன்" என்று முகநூலில் காசோலைப் படம் போடும்போது, அது உழைப்பாகி முடிந்த பணம் அன்று. இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு நிபந்தனையோடு கையில் இருக்கும் பணம். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அடுத்தவர் சேர்கிறார்.

தரகு பிரியும் விதத்தையும் பார்க்க வேண்டும். கணக்குக்காக எளிய எண்களை வைத்துக்கொள்கிறேன். நிறுவனத்துக்கு நிறுவனம் இவை மாறும். மாதம் 100 டொலர் பிரீமியமுள்ள ஒரு பொலிசி விற்கப்படுகிறது, அதற்காகப் படிநிலை முழுவதற்குமாக முதல் ஆண்டில் 1,200 டொலர் வருகிறது என்று கொள்வோம். புதிதாகச் சேர்ந்தவரின் படியில் அவருடைய பங்கு முப்பது விழுக்காடு என்றால் 360 டொலர். பயிற்சிக் காலத்தில் மேலே உள்ளவர் கூடவந்து விற்பனையை முடித்துக் கொடுத்தால் அதில் பாதி அவருக்கு, மிஞ்சுவது 180. மற்றைய ஆயிரத்துச் சொச்சம் மேலே உள்ள படிகளுக்கு ஏறிப் போகிறது. அந்தப் பொலிசியை வாங்கியவர் யார் என்றால், புதியவரின் சித்தப்பா. சித்தப்பாவின் வீட்டுக் கதவைத் திறக்கவைத்தது புதியவரின் முகமும் உறவும்; அதற்குரிய பணத்தின் பெரும்பகுதி, சித்தப்பாவை அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தவர்களுக்கும் இனிச் சந்திக்கவே போகாதவர்களுக்கும் போகிறது. ஒரு மனிதருக்கு ஐம்பது அறுபது உறவினர்களும் நண்பர்களும் இருப்பார்கள். அவர்களில் காப்புறுதி தேவைப்படுபவர்கள், அதை வாங்க வசதியுள்ளவர்கள், ஏற்கெனவே வேறொருவரிடம் வாங்காதவர்கள் என்று கழித்துக்கொண்டே போனால், ஆறேழு மாதங்களில் பட்டியல் வற்றிவிடும். அப்போது மேலே உள்ளவர் சொல்லும் யோசனை ஒன்றுதான்: விற்பதை விடுங்கள், ஆள் சேருங்கள். இன்னொருவரின் சித்தப்பாவை நோக்கிப் பயணம் தொடர்கிறது.

இவ்வளவும் ஒரு வரிக் கணக்காளன் தன் மேசையில் கண்டதை வைத்துச் செய்யும் பொதுமைப்படுத்தல் என்று நீங்கள் ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக, நிறுவனங்கள் தாமே வெளியிட்ட எண்களுக்கு வருகிறேன். நான் மேலே சொன்ன பெண்மணியின் கதைக்கும் இங்கே பெயர் குறிப்பிடும் நிறுவனங்களுக்கும் தொடர்பில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் இயங்கும் பிரைமெரிக்கா, நியூயோர்க் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்பதால், தன் முகவர் படையைப் பற்றிய எண்களை ஆண்டறிக்கையில் வெளியிடுகிறது. 2023ஆம் ஆண்டில் அது புதிதாகச் சேர்த்தவர்கள் சுமார் 360,000 பேர். அதே ஆண்டில் புதிதாக ஆயுள் காப்புறுதி உரிமம் பெற்றவர்கள் சுமார் 49,000 பேர். ஏழு பேர் சேர்ந்தால் ஒருவர்கூட முழுதாக உரிமம்வரை வந்து சேரவில்லை என்ற விகிதம் அது. ஆண்டின் தொடக்கத்தில் உரிமம் பெற்றிருந்தவர்கள் சுமார் 135,000. முடிவில் சுமார் 141,500. நாற்பத்தொன்பதாயிரம் பேர் உள்ளே வந்தும் மொத்தம் ஆறாயிரத்துச் சொச்சம்தான் கூடியது என்றால், உரிமம்வரை வந்தவர்களிலும் 42,000க்கு மேற்பட்டோர் அந்த ஓராண்டில் வெளியேறியிருக்கிறார்கள். அந்த ஆண்டில் வழங்கப்பட்ட பொலிசிகள் சுமார் 358,000. உரிமம் பெற்ற ஒருவருக்கு ஆண்டு முழுவதற்கும் சராசரியாக இரண்டரைக்குச் சற்று மேல். சராசரி என்பதால் நன்றாக விற்பவர்களும் இதற்குள் அடக்கம்; அவர்களை விலக்கினால் மற்றவர்களின் நிலை இன்னும் கீழே.

வேர்ல்ட் ஃபினான்ஷியல் குரூப் என்ற நிறுவனத்தின் உரிமையாளரான ஏகோன் குழுமம் தன் முதலீட்டாளர்களுக்குக் கொடுக்கும் அறிக்கைகளில் இன்னும் தெளிவான ஓர் அளவுகோல் உண்டு. கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆயுள் பொலிசி விற்ற முகவர்கள் எத்தனை பேர் என்று அது தனியாகக் கணக்குச் சொல்கிறது. 2023 முடிவில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக உரிமம் பெற்ற சுமார் 74,000 முகவர்களில் அப்படிப்பட்டவர்கள் ஏறத்தாழ பாதிப்பேர். மற்றப் பாதி, ஓராண்டு முழுவதிலும் ஒரு பொலிசிக்கு மேல் விற்கவில்லை. முகவர் தொகையை 2027க்குள் 110,000 ஆக்குவது அக்குழுமத்தின் அறிவிக்கப்பட்ட இலக்கு.

என் வேதனை இதில்தான் அடங்கியிருக்கிறது. ஆம்ஸ்டர்டாமிலோ நியூயோர்க்கிலோ பங்கு வாங்கும் ஒருவருக்கு, இந்த முகவர்களில் எத்தனை பேர் உண்மையில் விற்கிறார்கள், எத்தனை பேர் வெளியேறுகிறார்கள் என்பது ஆண்டுதோறும் அறிக்கையில் சொல்லப்படுகிறது. தன் உழைப்பையும் உறவுகளையும் முதலாகப் போடும் ஸ்காபரோப் பெண்ணுக்குக் காட்டப்படுவது மேடையில் விருது வாங்குபவரின் படம். முதலீட்டாளர் இழந்தால் பணம் போகும். இவர் இழந்தால், தம்பி வீட்டுக்குப் போகும்போது என்ன பேசுவது என்று தெரியாத நிலை வரும். இருவரில் அதிகம் அறியவேண்டியவருக்குத்தான் குறைவாகச் சொல்லப்படுகிறது.

சுயதொழில் என்பதால் இவர்களுக்கு ஒன்ராறியோவின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தாது. 2025 ஒக்டோபர் 1 முதல் மணிக்கு 17.60 டொலர் என்று மாகாணம் நிர்ணயித்த தொகை, ஸூம் கூட்டங்களிலும் வீட்டுச் சந்திப்புகளிலும் கழியும் மணிகளுக்கு இல்லை. வேலை இழந்தோர் காப்புறுதி கிடையாது. ஓய்வூதியத் திட்டத்துக்குத் தொழிலாளர் பங்கு, முதலாளி பங்கு இரண்டையும் தாமே செலுத்த வேண்டும். 3,500 டொலருக்கு மேற்பட்ட நிகர வருமானத்தில் 11.9 விழுக்காடு அதற்கே போகிறது. இது பலருக்கு முதல் ஆண்டு வரிப் படிவம் நிரப்பும் அன்றுதான் தெரியவருகிறது. சேர்க்கும்போது சொன்னவர்கள் "வரியில் எல்லாம் கழிக்கலாம்" என்பதை மட்டும் சொல்லியிருப்பார்கள். செலவைக் கழித்தால் வரி குறையும், செலவு திரும்பி வராது என்பதை விளக்குவதற்கே என் மேசையில் பாதி நேரம் போகிறது.

வருமானம் குறைவு என்பது முகவரோடு நின்றுவிடுவதும் இல்லை. இரண்டாம் ஆண்டில் பட்டியல் வற்றி, சார்ஜ்பேக் கடனும் ஏறிய ஒருவருக்கு, அடுத்த பொலிசியை எப்படியாவது எழுதியாக வேண்டும் என்ற நெருக்கடி வருகிறது. குறித்த காலத்துக்கான எளிய டேர்ம் காப்புறுதி போதுமான குடும்பத்துக்கு, பிரீமியம் கூடிய, ஆகவே தரகு கூடிய, முதலீட்டுப் பகுதியும் சேர்ந்த யூனிவர்சல் லைஃப் பொலிசி எழுதப்படுவது அப்போதுதான். கடன் அட்டை நிலுவையோடு வாழும் குடும்பம் அதை இரண்டு ஆண்டுகளில் கைவிடுகிறது. தொடக்க ஆண்டுகளில் விலகினால் பிடிக்கும் கட்டணம் காரணமாகக் கட்டிய பணத்தில் கையில் வருவது மிகச் சொற்பம். அல்லது ஏற்கெனவே உள்ள நல்ல பொலிசியை முறித்துப் புதியது எழுதப்படுகிறது. விண்ணப்பத்தில் சொன்னது தவறென்று காட்டி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடிய, பழைய பொலிசிக்கு எப்போதோ கடந்துபோன இரண்டாண்டு ஆட்சேபக் காலம் புதியதற்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது என்பதை வாங்குபவர் அறிவதில்லை. அந்த முகவரைத் தீயவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு வருமானம் பற்றித் தவறான கணக்குச் சொல்லிச் சேர்த்தவர்கள், அந்தக் கணக்கை நேராக்கும் சுமையை அவர் தலையில் வைத்துவிட்டார்கள். நீங்கள் 2022இல் கண்ட குறைகளில் பல, பயிற்சியின்மையால் மட்டும் வந்தவை என்று நான் நம்பவில்லை. பட்டினி கிடக்கும் முகவருக்கு எவ்வளவு நெறிமுறைப் பாடம் நடத்தினாலும், அவர் எதிரே இருப்பவரின் தேவையைத் தன் தேவைக்கு முன் வைப்பது கடினம்.

சட்டம் இங்கே முற்றிலும் வெறுமையாக இல்லை. கனடாவின் போட்டிச் சட்டம் 55ஆம் பிரிவில், பல அடுக்கு விற்பனைத் திட்டம் ஒன்றின் வருமானத்தைப் பற்றிப் பேசுபவர், அத்திட்டத்தில் உள்ள வழமையான பங்கேற்பாளர் உண்மையில் பெறும் தொகையையும் நியாயமாகவும் உரிய நேரத்திலும் வெளிப்படுத்த வேண்டும் என்று சொல்கிறது. ஆனால் அப்பிரிவின் வரைவிலக்கணம், ஒரு பங்கேற்பாளர் இன்னொரு பங்கேற்பாளருக்குப் பொருளை வழங்கி, அவர் மேலும் ஒருவருக்கு வழங்கும் அமைப்பை மனதில் வைத்து எழுதப்பட்டது. காப்புறுதியில் முகவருக்கு முகவர் பொலிசி கைமாறுவதில்லை. தரகு மட்டுமே மேலேறுகிறது. ஆகவே அந்த வரைவிலக்கணம் இத்துறைக்குப் பொருந்துமா என்று வழக்கறிஞர்கள் நெடுநாள் வாதிடலாம். அந்த வாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை, ஏனெனில் இத்துறைக்கு விதி செய்யும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது.

இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் காப்புறுதிச் சட்டத் திருத்தம், 42ஏ பிரிவின் வழியாக, அங்கீகாரம் பெறாதவர்களைக் கொண்டு காப்புறுதி வணிகம் திரட்டித் தரகைப் பகிரும் பல அடுக்கு விற்பனை முறையைத் தடை செய்தது; அதற்காக ஆட்களை அடுக்கடுக்காகச் சேர்ப்பதும் அதில் அடங்கும். ஒன்ராறியோவும் அவ்வளவு தூரம் போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இங்கே தரகு பெறுபவர் உரிமம் பெற்றிருக்கிறார், பரீட்சை எழுதியிருக்கிறார், இரண்டு ஆண்டுகளுக்கு முப்பது மணிநேரத் தொடர்கல்வி பெறுகிறார். ஆயுள் காப்புறுதி எங்கள் மக்களுக்குத் தேவையான ஒன்று என்பதிலும் எனக்கு ஐயமில்லை. வீட்டுக் கடனோடு குடும்பத் தலைவர் இறந்து, காப்புறுதிப் பணத்தால் வீடு தப்பிய குடும்பங்களின் கணக்கையும் நான்தான் பார்க்கிறேன். ஆள் சேர்க்காமல், பல ஆண்டுகளாகத் தன் வாடிக்கையாளரை மட்டும் கவனித்து, கௌரவமாகப் பிழைக்கும் தமிழ் முகவர்களும் இந்நகரில் இருக்கிறார்கள். இந்த விதி வந்தால் அவர்களுக்கு நன்மையே விளையும்.

எதற்கு ஒப்பாக இதைக் கேட்கிறேன் என்றால், இதே மாகாணத்தில் 2000ஆம் ஆண்டின் ஆர்தர் விஷார்ட் சட்டம் இருக்கிறது. கோப்பிக் கடையின் கிளை உரிமை ஒன்றை வாங்கப் போகிறவருக்கு, அவர் கையெழுத்திடுவதற்கும் பணம் கொடுப்பதற்கும் குறைந்தது 14 நாட்களுக்கு முன்னரே முழுமையான வெளிப்படுத்தல் ஆவணத்தைக் கொடுக்க வேண்டும் என்று அது கட்டளையிடுகிறது. அந்தப் பதினான்கு நாட்களில் அவர் மனைவியோடு பேசலாம், கணக்காளரிடம் காட்டலாம், வேண்டாம் என்று விடலாம். காப்புறுதித் தொழிலைத் "உங்கள் சொந்த வணிகம்" என்று சொல்லித்தான் எங்கள் மக்களுக்கு விற்கிறார்கள். அப்படியானால் வணிகம் வாங்குபவருக்குரிய பாதுகாப்பும் அவர்களுக்கு உரியது.

வெளிப்படுத்தல் என்றவுடன் ஒரு தாளைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிட முடியும் என்பதையும் நான் அறிவேன். அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024 செப்டெம்பரில் வெளியிட்ட ஆய்வறிக்கை, 70 பல அடுக்கு விற்பனை நிறுவனங்களின் வருமான அறிக்கைகளைப் படித்துப் பார்த்து எழுதப்பட்டது. ஆண்டுக்கு 1,000 டொலரோ அதற்குக் குறைவாகவோ பெறுபவர்களே பெரும்பாலோர் என்பது அந்த அறிக்கைகளிலிருந்தே தெரியவந்தது. ஆனால் அதை உடனே கண்டுபிடிக்க முடியாதபடி பல அறிக்கைகள் எழுதப்பட்டிருந்தன. ஒன்றும் உழைக்காதவர்களைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவது, செலவுகளைச் சொல்லாமல் விடுவது, சிறுபான்மையினரின் பெரிய தொகைகளை முன்னே நிறுத்துவது என்பன அங்கே காணப்பட்ட வழிகள்.

ஆகவே நீங்கள் செய்யும் விதி, அறிக்கையில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். முந்தைய ஆண்டில் ஒரு நாளாவது அந்த நிறுவனத்தின் முகவராக இருந்த எல்லோரும், ஒரு சதம்கூட உழைக்காதவர் உட்பட, கணக்கில் வர வேண்டும். எல்லோரையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் பெறும் தொகையே முதல் வரியில் இருக்க வேண்டும். சராசரி வேண்டுமானால் பின்னர் வரட்டும். அந்தத் தொகை சார்ஜ்பேக் கழிந்தபின் உள்ளதாக இருக்க வேண்டும். நிறுவனம் தானே முகவரிடம் அறவிடும் கட்டணங்கள் அனைத்தும் அருகிலேயே எழுதப்பட வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்று இருக்கிறார்கள், கடந்த ஆண்டின் பொலிசிகளில் எத்தனை முகவரின் பெயரிலோ அவர் வீட்டாரின் பெயரிலோ எழுதப்பட்டவை என்பவையும் அதில் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன எண்ணை எந்த நிறுவனமும் விரும்பி வெளியிடாது என்று எனக்குத் தெரியும். என் அனுபவத்தில், இந்தத் தொழிலின் உண்மை நிலையை மற்ற எல்லா எண்களையும்விட அது தெளிவாகக் காட்டும்.

இது நிறைவேற்ற முடியாத சுமை என்று நிறுவனங்கள் சொல்லுமானால், தயவுசெய்து ஏற்காதீர்கள். தரகு பெற்ற முகவர்களுக்கு ஆண்டுதோறும் டி4ஏ கொடுப்பதற்காக அவர்களுடைய தொகைகள் ஏற்கெனவே கணினியில் இருக்கின்றன. சார்ஜ்பேக் கணக்கை நிறுவனமே வைத்திருக்கிறது. யார் எந்த நாளில் சேர்ந்தார், எந்த நாளில் விலகினார் என்பதும் அதனிடம் உண்டு. வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுப்பது சில மணிநேர வேலை.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் மக்களைச் சேர்க்கும் பேச்சு முழுவதும் தமிழில் நடக்கிறது. கூட்டம் தமிழில், வட்ஸ்அப் குரல்செய்தி தமிழில், நம்பிக்கையூட்டல் தமிழில். கையெழுத்திடும் ஒப்பந்தம் மட்டும் பல பக்க ஆங்கிலத்தில் வருகிறது, சார்ஜ்பேக் பற்றிய பந்தி அதில் நடுவே எங்கோ இருக்கிறது. எந்த மொழியில் ஒருவரைச் சேர்க்கிறார்களோ அந்த மொழியிலேயே வருமான அறிக்கையும் கொடுக்கப்பட வேண்டும். பஞ்சாபி, தகாலொக், மண்டரின் பேசும் அயலவர்களுக்கும் இது பொருந்தும். என்னிடம் வரும் அவர்களுடைய கோப்புகளும் எங்களுடையவற்றிலிருந்து வேறுபட்டவையாக இல்லை.

எம்.ஜி.ஏ. நிறுவனங்களுக்குத் தனி உரிமம் வழங்கும் ஒழுங்கை உருவாக்கும் பணியில் உங்கள் ஆணையம் ஈடுபட்டிருக்கிறது. அந்த உரிமத்தின் நிபந்தனைகளில் ஒன்றாக, சேர்பவர் எந்தக் கட்டணமும் செலுத்துவதற்குப் பதினான்கு நாட்களுக்கு முன் இந்த வருமான அறிக்கை கொடுக்கப்பட வேண்டும் என்பதைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சேர்க்க முடியாதென்று நீங்கள் தீர்மானித்தால், அதற்கான காரணத்தை எழுத்தில் அறியத் தாருங்கள். மேலே சொன்ன பெண்மணியும், அவரைப் போன்ற வேறு சிலரும், பெயர் வெளிவராது என்ற உறுதி கிடைத்தால் தங்கள் டி4ஏ படிவங்களையும் தரகுக் கணக்குகளையும் உங்கள் அலுவலர்களிடம் நேரில் காட்டச் சம்மதித்திருக்கிறார்கள். ஷெப்பர்ட் அவென்யூவில் உள்ள உங்கள் அலுவலகத்துக்கு அவர்களை அழைத்து வர நான் ஆயத்தமாக இருக்கிறேன். பகல் வேலை உள்ளவர்கள் என்பதால் மாலை நேரம் ஒன்றைக் குறித்துத் தந்தால் உதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
வருமான வரிப் படிவங்கள் நிரப்பும் ஒருவர்,
ஸ்காபரோ